எது போர்?

மனிதன் பயன்படுத்தும் சொற்கள் அவனது மனத்தின் கண்ணாடி. அவன் எதை விரும்புகிறான், எதற்கு அஞ்சுகிறான், யாரைத் தன்னவர் என்று அணைத்துக்கொள்கிறான், யாரை அயலவர் என்று ஒதுக்குகிறான் என்பதையெல்லாம் அவன் அறியாமலேயே அவனுடைய சொற்கள் வெளிப்படுத்திவிடுகின்றன. அத்தகைய சொற்களுள் ஒன்று 'போர்'.

நாளிதழைப் பிரித்தால் வர்த்தகப் போர், பனிப்போர், சொற்போர், தண்ணீர்ப் போர் என்று பக்கத்துக்குப் பக்கம் போர்கள். வீட்டுக்குள்ளும் அந்தச் சொல்லுக்குக் குறைவில்லை. குழந்தைக்குச் சோறூட்டுவது தாய்க்குப் போராட்டம். பேருந்தில் இடம் பிடிப்பது தந்தைக்குப் போராட்டம். தேர்வு எழுதுவது மகனுக்குப் போராட்டம். எல்லாமே போர் என்றால், உண்மையான போர் எது என்று அறியும் திறன் மனத்தில் மங்கிவிடாதா? அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றும் உண்டு. போர் என்ற பெயரே பெறாமல், ஆயுத ஒலியோ பகையுணர்ச்சியோ இல்லாமல், உண்மையான போர் ஒன்று அன்றாட வாழ்வில் நடந்துகொண்டிருக்கக் கூடுமா?

இந்தக் கேள்விகளை எண்ணிப் பார்ப்பதற்குப் பொருத்தமான ஊர் ஒன்று உண்டு. அது ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள குப்பம்.

மும்மொழி கூடும் ஊர்

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் ரயில் பாதையில் அமைந்த ஊர் குப்பம். ஒரு பக்கம் தமிழகம், ஒரு பக்கம் கர்நாடகம். சந்தையில் தெலுங்கில் விலை கேட்டு, தமிழில் பேரம் பேசி, கன்னடத்தில் விடைபெறும் மனிதர்களை இங்கே காணலாம். திராவிட மொழிகளை ஒருங்கே ஆராய்வதற்கான திராவிடப் பல்கலைக்கழகம் 1997-ஆம் ஆண்டு இங்கே நிறுவப்பட்டது தற்செயலன்று.

தமிழில் 'போராட்டம்' என்று சொல்வதைத் தெலுங்கரும் 'போராட்டம்' என்றே சொல்கின்றனர். கன்னடத்தில் அது 'ஹோராட்ட' ஆகிறது. பழைய பகரம் அம்மொழியில் ஹகரமாக மாறியதன் விளைவு அது. மூன்று மொழியினரும் சண்டையிட்டுக்கொண்டால்கூட ஒரே வேரிலிருந்து பிறந்த சொல்லைக் கொண்டுதான் சண்டையிட வேண்டும்!

தெலுங்கில் 'போரு' என்ற சொல்லுக்குப் போர் என்ற பொருளோடு, வீட்டில் நாள்தோறும் நச்சரித்து உயிரை எடுப்பது என்ற பொருளும் உண்டு. 'இண்ட்டி போரு' என்றால் வீட்டுக்குள் நடக்கும் ஓயாத சச்சரவு. 'போரு நஷ்டம், பொந்து லாபம்' என்பது தெலுங்குப் பழமொழி. சண்டையால் இழப்பு, இணக்கத்தால் ஆதாயம் என்பது அதன் கருத்து. ஒரு வணிகனின் கணக்குப் புத்தகத்தில் எழுதத்தக்க அளவுக்கு எளிய வாக்கியம் அது. ஆனால் அந்தக் கணக்கு மனிதனுக்குப் பெரும்பாலும் சண்டை முடிந்த பிறகே விளங்குகிறது.

ஏர்க்களமும் போர்க்களமும்

தமிழில் 'போர்' என்பதற்கு வேறு பொருள்களும் உண்டு. அறுவடை முடிந்த பின் அடுக்கி வைக்கும் வைக்கோலும் போர்தான். அந்தப் போரை அடித்துத் தானியத்தைப் பிரிப்பதைப் போரடித்தல் என்றனர். இன்று 'போரடிக்கிறது' என்றால் சலிப்பு என்று பொருள். அது ஆங்கிலத்திலிருந்து வந்த புதுவரவு. உழைப்பின் உச்சத்தைக் குறித்த ஒரு தொடர், உழைப்பில்லாத மனத்தின் சலிப்பையும் குறிக்கலாயிற்று.

'களம்' என்பதும் அப்படியே. நெல்லடிக்கும் இடமும் களம். வீரர் பொருதும் இடமும் களம். தொல்காப்பியம் புறத்திணையைப் பேசும்போது உழவரின் களத்தையும் வீரரின் களத்தையும் அருகருகே வைத்து நினைவூட்டுகிறது. 'பொருநன்' என்ற சொல் போர்வீரனையும் குறிக்கும், கூத்தனையும் குறிக்கும். பொருநருள் ஏர்க்களம் பாடுவோரும் உண்டு, போர்க்களம் பாடுவோரும் உண்டு என்பர் உரைகாரர்.

அந்த இலக்கணத்தில் சாதகன் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று இருக்கிறது. வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என்று புறத்திணை ஏழு. இவற்றுள் வாகை என்பது வெற்றியைப் பாடுவது. ஆனால் தொல்காப்பியர் அந்த வெற்றிக்குள் அரசனின் வெற்றியை மட்டும் வைக்கவில்லை. தவம் செய்வோரின் வெற்றியையும் அதே திணையில் சேர்த்தார். காஞ்சியோ உலகின் நிலையாமையைப் பேசுவது. போரைப் பற்றிய இலக்கணத்திலேயே துறவியின் வெற்றிக்கும் நிலையாமைக்கும் இடம் ஒதுக்கியவர்கள் நம் முன்னோர். போர் என்ற சொல்லைப் புறத்திலிருந்து அகத்துக்குத் திருப்பும் வழி, அந்தச் சொல்லின் மரபிலேயே இருக்கிறது.

பசுவும் ஓடையும்

போரைக் குறிக்கும் சொற்களை ஆராய்ந்தால், மனிதன் எதற்காகப் போரிட்டான் என்பது தெரிந்துவிடும். வேத மொழியில் போரைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று 'கவிஷ்டி'. பசுக்களை விரும்புதல் என்பது அதன் நேர்ப்பொருள். தமிழ் இலக்கணத்திலும் முதல் திணையாகிய வெட்சி, பகைவரின் ஆநிரையைக் கவர்வதுதான். குப்பத்தைச் சூழ்ந்த சித்தூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரங்களில் கிடைக்கும் நடுகற்களுள் பல, ஆநிரை மீட்கும் பூசலில் உயிர்நீத்த வீரர்களுக்காக எழுப்பப்பட்டவை. வில்லும் வாளும் ஏந்திய அந்தக் கல்லுருவங்கள் இன்றும் வயலோரங்களில் நிற்கின்றன.

ஆங்கிலத்தில் போட்டியாளரை 'ரைவல்' என்கின்றனர். இதன் மூலமான லத்தீன் சொல்லுக்கு, ஒரே ஓடையின் நீரைப் பயன்படுத்துவோர் என்பது பொருள். எவ்வளவு கசப்பான உண்மை! ஒரே நீரைப் பகிர்ந்துகொள்பவர் உறவினர் ஆகியிருக்க வேண்டும். சொல்லின் வரலாற்றில் அவர் எதிரி ஆகிவிட்டார்.

பசுவும் நீரும் மனிதனுக்குத் தேவையானவை. அவற்றை விரும்புவதில் பாவமில்லை. ஆனால் 'எனக்கு வேண்டும்' என்ற தேவை, 'எனக்கு மட்டும் வேண்டும்' என்று மாறும் நொடியில் போர் பிறக்கிறது. இவ்வளவு சிறிய இடைவெளியில்தான் ஆயிரமாயிரம் நடுகற்கள் முளைத்தன.

பெயர் பெறாத போர்

இன்று அந்த வட்டாரத்தில் யாரும் பசு கவர வில்லேந்திப் புறப்படுவதில்லை. ஆனால் 'போர்' என்ற சொல் அங்கே ஒவ்வொரு வயலிலும் ஒலிக்கிறது. 'போர் போட்டாயா?' 'எத்தனை அடிப் போர்?' 'போரில் தண்ணீர் வந்ததா?' இது ஆழ்துளைக் கிணறு. ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். சொல்லும்போது முதலெழுத்தின் ஒலி சற்று மாறும். தமிழில் எழுதும்போது யுத்தத்துக்கும் துளைக்கிணற்றுக்கும் வேறுபாடே இல்லை. தெலுங்கில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழ் எழுத்தில் மட்டும் தற்செயலாக இரண்டும் ஒன்றாயின. ஆனால் அந்தத் தற்செயல் ஓர் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது.

குப்பம் கருங்கல் நிலம். மேட்டுப் பகுதி. இத்தகைய நிலத்தில் மேலே உள்ள சிதைந்த பாறையடுக்கில்தான் மழைநீர் தேங்கும். அதற்குக் கீழே பாறையின் வெடிப்புகளில் மட்டுமே நீர் ஊரும். முன்பு திறந்த கிணறுகளில் ஏற்றமும் கவலையும் இறைத்த நீர், மனிதனும் மாடும் உழைக்கும் அளவுக்குத்தான் வெளியே வந்தது. பின்னர் மோட்டார் வந்தது. துளையிடும் வண்டி வந்தது. கிணறுகள் வறண்டன, துளைகள் ஆழமாயின. ஆயிரம் அடியைத் தாண்டித் துளையிட்டும் வெறும் கற்புழுதி மட்டுமே எழும்பி வந்த வயல்கள் அங்கே பல. ஒவ்வொரு துளைக்கும் பின்னால் கடன் இருக்கிறது. அடகு வைத்த நகை இருக்கிறது. உறங்காத இரவு இருக்கிறது.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். பாகப்பிரிவினையில் தந்தையின் நிலத்தைப் பகிர்ந்துகொண்ட அண்ணனும் தம்பியும். இருவருக்கும் இடையே ஒரு வரப்பு மட்டுமே. தம்பியின் முந்நூறு அடித் துளையில் நீர் வந்துகொண்டிருக்கிறது. அண்ணனின் தக்காளிப் பயிர் வாடுகிறது. அவர் அறுநூறு அடிக்குத் துளையிடுகிறார், நீர் பீறிடுகிறது. சில வாரங்களில் தம்பியின் துளை காற்றை மட்டும் இழுக்கிறது.

"அண்ணா, நம் போரில் தண்ணீர் நின்றுபோயிற்று" என்கிறான் தம்பி.

"நான் என்னப்பா செய்வேன்? என் நிலத்தில்தானே போட்டேன்" என்கிறார் அண்ணன்.

அவர் சொன்னது பொய்யன்று. அவர் தம்பியை வெறுக்கவில்லை, மனத்தில் வஞ்சமில்லை, கை ஓங்கவில்லை, ஒரு கடுஞ்சொல்லும் பேசவில்லை. ஆயினும் பகைவன் ஒருவன் படையெடுத்து வந்து கிணற்றைத் தூர்த்திருந்தால் தம்பிக்கு எந்த இழப்பு நேர்ந்திருக்குமோ, அதே இழப்பு நேர்ந்துவிட்டது. நாளை தம்பி எண்ணூறு அடிக்குத் துளையிடுவான். அதற்கு அடுத்த ஆண்டு அண்ணன் ஆயிரம் அடிக்கு. இருவரும் நல்லவர்கள். இருவரும் தோற்பார்கள்.

சட்டமும் தர்மமும்

அண்ணன் சொன்ன விடைக்குச் சட்டத்தின் ஆதரவும் உண்டு. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த ஓட்டமாகச் செல்லாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் திரட்டிக்கொள்ளும் உரிமையை நில உடைமையாளருக்குத் தந்தது. அந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் ஆயிரம் அடித் துளையை யாரும் கனவிலும் எண்ணியிருக்க முடியாது. பின்னர் 2002-இல் ஆந்திரப் பிரதேசம் நீர், நிலம், மரங்களைக் காப்பதற்கான சட்டம் ஒன்றை இயற்றியது. பொதுக் குடிநீர் ஊற்றிலிருந்து 250 மீட்டருக்குள் புதிய துளையிடுவதை அது தடுக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் நிலத்துக்கு மேலே நின்று காவல் காக்கும் சட்டத்தால், நிலத்துக்கு அடியில் வெடிப்பு விட்டு வெடிப்பு நகரும் நீரைத் தொடர்ந்து செல்ல முடியுமா?

உலகில் எடுக்கப்படும் நிலத்தடி நீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை எடுப்பது இந்தியா. எனவே இது குப்பத்தின் கதை மட்டுமன்று. நீரின் கதை மட்டுமென்றும் சொல்லிவிட முடியாது. அலுவலகத்தில் ஒருவர் யாரையும் பழிக்காமல், தமக்குரிய விதிகளின்படியே நடந்து, சக ஊழியரின் வாய்ப்பை உறிஞ்சிவிடலாம். குடும்பத்தில் ஒருவர் குரலை உயர்த்தாமலேயே மற்றவர்களின் நிம்மதியை எல்லாம் தம் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். 'நான் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை' என்று சொல்லிக்கொள்வோர் பலர். உண்மைதான். ஆனால் சண்டைக்குப் போகாதிருப்பதும் போர் செய்யாதிருப்பதும் ஒன்றல்ல.

சட்டம் 'உன் எல்லை எது?' என்று கேட்கிறது. தர்மம் 'உன் செயலின் எல்லை எது?' என்று கேட்கிறது. முதல் கேள்விக்கு நில வரைபடம் விடை சொல்லும். இரண்டாவது கேள்விக்கு மனச்சாட்சி மட்டுமே விடை சொல்லும்.

உள்ளே ஒரு குருக்ஷேத்திரம்

இங்கே மகாபாரதம் துணைக்கு வருகிறது. சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன், தர்மராஜர் கோயில்களில் பாரத விழா பல நாட்கள் நடைபெறும். பகலில் ஹரிகதை, இரவில் தெருக்கூத்து. நிறைவு நாளில் துரியோதனனின் மிகப் பெரிய உருவத்தை மண்ணால் தரையில் படுத்த நிலையில் அமைத்து, அதைச் சுற்றி இறுதிப் போரை நடிப்பர். பீமன் தொடையில் அடிப்பான், துரியோதனன் வீழ்வான், திரௌபதி கூந்தலை முடிவாள். மாலையில் தீமிதி.

எல்லோரும் அறிந்த கதைதான். துரியோதனனும் தன்னைத் தீயவனாகக் கருதியவன் அல்லன் என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் தன்னிடம் உள்ளதைத்தான் விட மறுத்தான். ஊசி முனையளவு நிலமும் தரமாட்டேன் என்ற அவனுடைய விடையும், 'என் நிலத்தில்தானே போட்டேன்' என்ற விடையும் ஒரே வேரில் முளைத்தவை. ஒன்று அரண்மனையில் ஆணவத்தோடு ஒலித்தது. மற்றொன்று வரப்பில் அப்பாவித்தனமாக ஒலிக்கிறது. குரலில்தான் வேறுபாடு.

மகாத்மா காந்தி 1929-இல் இமயமலைச் சாரலில் உள்ள கௌசானியில் தங்கியிருந்து, தம்முடைய கீதை மொழிபெயர்ப்பான 'அனாசக்தி யோக'த்துக்கு முன்னுரை எழுதினார். மனித நெஞ்சில் ஓயாது நிகழும் போரையே கீதை புறப்போரின் வடிவில் காட்டுகிறது என்பது அவருடைய துணிபு. இவ்விளக்கத்தை ஏற்காத அறிஞர்களும் உண்டு. எல்லாவற்றையும் உட்போர் என்று சொல்லிவிட்டால், கண்முன் நடக்கும் அநீதியைக் காணாமல் தியானத்தில் அமர்ந்துவிட அது வழி செய்யாதா என்று அவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. 'போர்' என்ற சொல் சிலருக்குப் பகையை மூட்டும் கருவியாகிறது. 'உட்போர்' என்ற சொல்லோ சிலருக்குச் சோம்பலை மூடும் போர்வையாகிறது.

ஆனால் காந்தியடிகளின் வாழ்வே இக்கேள்விக்கு விடை. அந்த நூல் வெளியான 1930 மார்ச் 12 அன்றுதான் அவர் தண்டிக்கு நடக்கத் தொடங்கினார். உள்ளே போரிட்டவர் வெளியே ஒதுங்கி நிற்கவில்லை. வெளியே போராடியவர் உள்ளே பகையை வளர்க்கவில்லை. உட்போர் மெய்யாக நடக்கிறதா என்பதற்கு அடையாளம் இதுவே: அதனால் வெளியில் யாருடைய சுமையாவது குறைந்திருக்க வேண்டும்.

அசோகரும் அவ்வாறே வெற்றி என்ற சொல்லைக் கைவிடவில்லை. அதன் பொருளை மாற்றினார். கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் மாண்டதையும் ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதையும் தாமே கல்லில் எழுதி வருந்திய அவர், தர்மத்தால் பெறும் வெற்றியே மேலான வெற்றி என்றார். ஆந்திரத்தின் எர்ரகுடிப் பாறைகளிலும் அவருடைய சாசனங்கள் இன்றும் உள்ளன.

கணக்கிலிருந்து கருணைக்கு

வரப்பில் நிற்கும் அண்ணன் தம்பிக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. 2003-ஆம் ஆண்டு முதல் சித்தூர் உட்பட ஆந்திரத்தின் வறட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில், ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையுடன் ஒரு திட்டம் நடைபெற்றது. உழவர்களே மழையை அளந்தனர்; துளைக்கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்தனர்; நிலத்தடியில் எவ்வளவு நீர் இருக்கிறது, திட்டமிட்ட பயிர்களுக்கு எவ்வளவு தேவை என்று ஊர் கூடிக் கணக்கிட்டனர். அந்தக் கணக்கு அனைவரும் அறியச் சொல்லப்பட்டது. இன்னதைப் பயிரிடு என்று யாருக்கும் கட்டளையிடவில்லை. ஆயினும் பல ஊர்களில் உழவர்கள் நெல்லின் பரப்பைக் குறைத்து, குறைந்த நீரில் விளையும் பயிர்களுக்குத் தாமாகவே மாறினர்.

என்ன நடந்தது அங்கே? நீர் பெருகவில்லை, பார்வை பெருகியது. 'என் போர்', 'உன் போர்' என்று எண்ணியிருந்தவர்கள், கீழே இருப்பது ஒரே நீர் என்று கண்டனர். வேதாந்தம் பல சொற்களில் விளக்க முயல்வதும் இதுதான். மேலே துளைகள் பல; கீழே ஊற்று ஒன்று. உடல்கள் பல, உள்ளிருக்கும் ஆன்மா ஒன்று. அந்த ஒருமையை அறியாதவனுக்கு அயலான் போட்டியாளன். அறிந்தவனுக்கு அவனே உடன்பிறந்தான். போரை நிறுத்தும் ஆற்றல் இந்த அறிவுக்கு உண்டு. அறிவு வராத இடத்தில் ஆயிரம் சமாதானப் பேச்சுகளும் அடுத்த துளைக்கான இடைவேளையாகவே முடியும்.

எனவே அன்றாட வாழ்வில் சாதகன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எளியது: 'நான் இன்று யாரோடு சண்டையிட்டேன்?' என்பதோடு நிறுத்திவிடாமல், 'நான் இன்று எடுத்துக்கொண்டது யாருடைய பங்கு?' என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்வி நாவை அடக்கும். இரண்டாவது கேள்வி அகங்காரத்தையே அடக்கும். தவம் செய்வோரின் வெற்றியையும் வாகையில் சேர்த்தவர்கள் எண்ணிய வெற்றி அதுவாகவே இருக்க வேண்டும்.

பாரத விழாவில் கூத்து முடிந்த பிறகு நடப்பது ஒன்று உண்டு. வீழ்ந்து கிடக்கும் துரியோதனனின் மண்ணுருவிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் செல்லும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதை வீட்டில் வைத்தால் நன்மை, தானியம் பெருகும் என்பது நம்பிக்கை. சற்று முன்பு வரை எதிரியாக இருந்தவன் இப்போது வீட்டுக்குள் வரவேற்கப்படுகிறான். போர்க்களத்து மண் மீண்டும் ஏர்க்களத்துக்குத் திரும்புகிறது. வீழ்த்தப்பட வேண்டியது மனிதன் அல்லன், அவனுள் இருந்த 'எனக்கு மட்டும்' என்ற எண்ணமே என்பதை, எழுத்தறியாத கைகளும் அந்த ஒரு பிடி மண்ணை ஏந்தும்போது உணர்த்திவிடுகின்றன.